கணினிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல்: முதல் சுற்றைக் கசிவில்லாமல் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

கணினிக்குச் சொந்தமாகத் தண்ணீர்ச் சுற்று கட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாகங்களை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். புதியவர்கள் சறுக்குவது வரிசையில்தான். ரேடியேட்டரைக் கழுவாமல் மாட்டிவிடுவார்கள். கசிவு பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் ஊற்றிய கையோடு முழு மெஷினுக்கும் மின்சாரம் கொடுத்துவிடுவார்கள். கீழே இருக்கும் படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிபியுவை மட்டும்தான் குளிர்விக்க வேண்டும் என்றால், கடையில் எல்லாம் பொருத்தி மூடிய நிலையில் கிடைக்கும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலரே போதும். கிராபிக்ஸ் கார்டும் சேரும்போதுதான் இந்தச் செலவுக்கும் உழைப்புக்கும் அர்த்தம் வருகிறது.

1. முதலில் கணக்கு: எத்தனை வாட், எவ்வளவு ரேடியேட்டர்

சிப்பின் மேல் உட்காரும் உலோக பிளாக்கிலிருந்து தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே ஃபேன்கள் அந்த வெப்பத்தை அறைக் காற்றில் விடுகின்றன. ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தை ஏந்தும். விரல் தடிமன் குழாயே நூற்றுக்கணக்கான வாட்டுகளைக் கடத்திவிடுவது அதனால்தான்.

ஆனால் வெப்பம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அறைக் காற்று. ஆகவே, தண்ணீர் ஒருபோதும் அறையைவிடக் குளிர்ச்சியாகாது. சிங்கப்பூரில் ஏர்கான் போடாத அறை மதியத்தில் 31, 32 டிகிரி வரை போகும். வெளிநாட்டு வீடியோக்களில் 21 டிகிரி அறையில் எடுத்த எண்களை நம்பி ரேடியேட்டர் வாங்கினால், இங்கே எல்லாமே 10 டிகிரி ஏறி நிற்கும். ரேடியேட்டர் கெட்டுப்போனது என்று பிறகு புலம்புவதில் பயனில்லை.

கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: ஃபேன்கள் சத்தமில்லாமல் ஓட, தண்ணீர் அறையைவிட 10 டிகிரி அளவில் மட்டும் சூடாக இருக்க, 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவுள்ள ரேடியேட்டர் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பு 320 வாட். கேம் ஓடும்போது சிபியுவுக்கு 150 வாட் வையுங்கள். கூட்டினால் 470. ஐந்து ஃபேன் அளவு, அதாவது மூன்று ஃபேன் பிடிக்கும் ஒரு 360 ரேடியேட்டரும் இரண்டு ஃபேன் பிடிக்கும் ஒரு 240 ரேடியேட்டரும். கேஸில் இவை இரண்டும் உட்காருமா என்று அளந்து பார்த்துவிட்டு அப்புறம் காசைச் செலவழியுங்கள். தடிமனையும் சேர்த்து அளக்க வேண்டும். 30 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. ஃபேன் சேர்ந்தால் 55 மி.மீ. ஆகிவிடும். கேஸின் மேல்புறத்தில் அது மதர்போர்டின் ஹீட்சிங்க்கையோ ரேமையோ முட்டுவது சர்வசாதாரணம்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

உலோகம்: செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அலுமினியம் இந்தக் கூட்டத்தில் சேரவே கூடாது. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்தக் கசடு பிளாக்கின் உள்ளே தண்ணீர் ஓடும் மெல்லிய வரிகளை அடைக்கும். விலை மலிவாக இருக்கும் ரேடியேட்டர்கள் பல அலுமினியம்தான். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், எந்த உலோகம் என்று எழுத்தில் இல்லாத பொருளை வாங்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு பிளாக்: சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அதே 4080 சிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த போர்டில் வைத்து விற்கிறது. ஸ்க்ரூ ஓட்டைகளும் மெமரி இருக்கும் இடங்களும் மாறும். உங்கள் கார்டின் முழு மாடல் பெயர் பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்க வேண்டும்.

ட்யூப்: முதல் சுற்றுக்கு மென்மையான ட்யூப்தான். சூடாக்கி வளைக்கும் கடினக் குழாய் அழகுதான், அதை இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். நான் கறுப்பு ஈபிடிஎம் ரப்பரைத்தான் சொல்வேன். கண்ணாடிபோல் தெரியும் பிவிசி ட்யூபில் மென்மைக்காகச் சேர்த்திருக்கும் பொருள் நாளடைவில் தண்ணீரில் இறங்கி, வெண்மையாகப் படியும். ஈபிடிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை.

ஃபிட்டிங்: ட்யூபைப் பாகங்களோடு இணைக்கும் மூட்டு இது. பிளாக், ரேடியேட்டர், பம்ப் ஆகிய எல்லாவற்றிலும் துளை பொதுவாக ஜி 1/4 என்ற அளவு மரைதான். மாறுவது ட்யூப் மாட்டும் பக்கம். 10/16 என்றால் ட்யூபின் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. இந்த இரண்டு எண்களும் ட்யூப் பையிலும் ஃபிட்டிங் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடினக் குழாய்க்கான ஃபிட்டிங்கை மென்மையான ட்யூபுக்கு வாங்கி வந்துவிட்டு, மாட்டும் நாளில் தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இவற்றோடு மறக்காமல் வாங்க வேண்டியவை: வடிகால் வால்வு ஒன்று, அளவுமானி உள்ள காற்றழுத்தச் சோதனை பம்ப், பவர் சப்ளையைத் தனியாக இயக்கும் 24 பின் பிரிட்ஜ் பிளக், கூடுதலாக இரண்டு ஃபிட்டிங், தண்ணீர் வெப்பநிலை சென்சார் ஒன்று. சென்சார் சின்னப் பொருள். ஆனால் அது இல்லாமல் 10ஆவது படியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

3. தண்ணீர்

தயார் நிலையில் விற்கும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), அல்லது அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் உள்ள கான்சென்ட்ரேட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்தது. இரண்டில் எது வேண்டுமானாலும் சரி. மினுமினுக்கும், பால்போல் இருக்கும் அலங்காரத் திரவங்கள் வேண்டாம். அவற்றின் துகள்கள் பிளாக்கில் படிந்துவிடும்.

நம் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், சுற்றுக்கு ஆகாது. அதில் கிருமிநீக்கத்துக்காகக் குளோராமைன் இருக்கிறது, உப்புகளும் இருக்கின்றன. இரண்டும் உலோகத்துக்கு எதிரி. மினரல் வாட்டரும் அப்படித்தான். போத்தலின் லேபிளில் ‘டிஸ்டில்டு’ என்று இருக்க வேண்டும். கழுவவும் சேர்த்து ஏழெட்டு லிட்டர் கையில் இருக்கட்டும்.

4. ரேடியேட்டரைக் கழுவுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். புது ரேடியேட்டர் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பற்றவைப்புக்குப் பூசிய ஃபிளக்ஸும் உலோகத் துகளும் இருக்கும்.

ரேடியேட்டரில் பாதி அளவு வெந்நீர் ஊற்றி, துளைகளை அடைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். காப்பி வடிகட்டும் வெள்ளைத் துணியை ஒரு பேசின் மேல் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக ஊற்றிப் பாருங்கள். முதல் தடவை தண்ணீர் இளம்பச்சையாகவோ பழுப்பாகவோ வரும். துணியில் மணல்போல் கறுப்புத் துகள்கள் நிற்கும், சில சமயம் ஈயச் சிதறல் ஒன்றிரண்டு மின்னும். துணி சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கழுவுவதற்குக் குழாய் வெந்நீர் போதும். ஆனால் கடைசி இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, குழாய்த் தண்ணீரின் மிச்சத்தை வெளியேற்ற வேண்டும்.

சிபியு பிளாக்கின் உள்ளே இருக்கும் வரிகள் தலைமுடி போகும் அளவுக்கு நெருக்கமானவை. ரேடியேட்டரிலிருந்து கிளம்பும் துகள் நேராக அங்கேதான் போய் உட்காரும். இந்த ஒரு மணி நேரம் பிறகு பிளாக்கைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

5. பிளாக்குகளை மாட்டுங்கள்

மாட்டுவதற்கு முன் மெஷின் காற்றுக் கூலரோடு சரியாக ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கார்டில் ஏற்கெனவே பழுது இருந்தால், தண்ணீர் ஊற்றிய பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சிபியு பிளாக்கில் உள்ளே, வெளியே என்று இரண்டு துளைகள் உண்டு. மாற்றி இணைத்தாலும் தண்ணீர் ஓடும். ஆனால் வரிகளின் நடுவில் பாய வேண்டிய நீர் வேறு பக்கமிருந்து வருவதால், வெப்பநிலை சில டிகிரி கூடும். கையேட்டைப் பார்த்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்டு பிளாக்கில் தெர்மல் பேடின் (வெப்பத்தைக் கடத்தும் மென்மையான பட்டையின்) தடிமன்தான் முக்கியம். கையேடு 1 மி.மீ. என்று சொல்லும் இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால், பிளாக் சிப்பின் மேல் முழுதாக உட்காராது. மெமரி குளிர்ந்திருக்கும், சிப் கொதிக்கும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க இறுக்கினால் பிளாக் சாய்ந்து சிப்பின் விளிம்பு உடைய வாய்ப்பு இருக்கிறது.

பிளாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரியுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். 10ஆவது படியில் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

6. எது எங்கே, குழாய் எப்படி

இரண்டு விதிகள்தான் கட்டாயம். ரிசர்வாயர் (தண்ணீர் நிரப்பும் சின்னத் தொட்டி) பம்ப்புக்கு மேலே, பம்ப்பின் வாய்க்கு நேராகத் தண்ணீர் இறங்கும்படி இருக்க வேண்டும். பம்ப் ஒரு நொடிகூட வறண்டு ஓடக் கூடாது, ஏனென்றால் அதன் தாங்கியை மசகிடுவதும் குளிர்விப்பதும் அதே தண்ணீர்தான். இரண்டாவது, சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு. அது இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்துத் தண்ணீரை மாற்ற மெஷினையே கவிழ்க்க வேண்டிவரும்.

மற்றபடி, ‘சிபியு முதலா, கார்டு முதலா, நடுவில் ரேடியேட்டர் வேண்டுமா’ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில் 470 வாட் சேர்ந்தால், தண்ணீர் ஒரு சுற்றுக்குள் ஏறுவது 1.7 டிகிரி மட்டுமே. சில நிமிடங்களில் சுற்று முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்துவிடும். குழாய் குறைவாக, வளைவு மென்மையாக வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

7. ஃபிட்டிங்கும் ட்யூபும்

ஃபிட்டிங்கை மாட்டும் முன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். விரலால் முடுக்கி, ஓ-ரிங் நசுங்குவது தெரிந்த பிறகு இன்னும் சற்று. அவ்வளவுதான். கசிவை அடைப்பது ரப்பர், மரை அல்ல. ஸ்பானர் போட்டு இறுக்கினால் அக்ரிலிக் பிளாக்கில் விரிசல் விழும். குழாய் வேலையில் சுற்றும் வெள்ளை டேப்பும் இங்கே தேவையில்லை.

ட்யூபை அளப்பதற்கு முன் பாகங்கள் எல்லாம் கேஸில் தங்கள் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை நீளமாகவே வெட்டுங்கள், குறைத்துக்கொள்ளலாம். வெட்டு நேராக இருக்கட்டும். சாய்ந்த வெட்டு ஒரு பக்கம் மட்டும் முட்டி, மறுபக்கம் பிடி இல்லாமல் நிற்கும். ஃபிட்டிங்கின் காலரை (ட்யூபை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை) முதலில் ட்யூபில் நுழைத்துவிட்டு, ட்யூபை ஃபிட்டிங்கின் அடிவரை தள்ளி, அப்புறம் காலரை மூடுங்கள். பாதி தூரம் மட்டும் ஏறிய ட்யூப் குளிர்ந்த நிலையில் கசியாது. சூடேறி ட்யூப் இளகிய பிறகுதான் கசியும்.

8. காற்றைக் கொண்டு கசிவு பார்த்தல்

தண்ணீருக்கு முன் காற்று. காற்றுக் கசிந்தால் எதுவும் நனையாது, அதுதான் காரணம்.

எல்லாத் துளைகளையும் மூடி, நிரப்பும் துளையில் சோதனை பம்ப்பை மாட்டி, 0.5 பார் அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். உங்கள் ரிசர்வாயரின் கையேடு அதைவிடக் குறைந்த வரம்பு சொன்னால் அதற்குக் கட்டுப்படுங்கள். அரை மணி நேரம் ஊசி அசையாமல் நிற்க வேண்டும்.

இந்த நேரத்தில் ஏர்கானைப் போடவும் அணைக்கவும் வேண்டாம். அறை 5 டிகிரி குளிர்ந்தாலே உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஊசி லேசாக இறங்கும். கசிவே இல்லாத சுற்றைப் பிரித்துத் தேடியவர்கள் இருக்கிறார்கள். உண்மையான கசிவு என்றால் ஊசி நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். அப்போது சுற்றைப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனியாகச் சோதியுங்கள். பெரும்பாலும் கடைசியாக மாட்டிய ஃபிட்டிங்கிலோ, வடிகால் வால்விலோதான் இருக்கும்.

9. நிரப்புதல்: பம்ப்புக்கு மட்டும் மின்சாரம்

மதர்போர்டின் 24 பின் கேபிள், சிபியுவின் 8 பின், கார்டின் மின் கேபிள் ஆகிய மூன்றையும் கழற்றுங்கள். 24 பின் கேபிளில் பிரிட்ஜ் பிளக்கை மாட்டினால் மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளை ஓடும். பம்ப்பை மட்டும் பவர் சப்ளையில் இணையுங்கள். மின்சாரம் இல்லாத போர்டில் தண்ணீர் சொட்டினால் துடைத்து, முழுக்க உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். மின்சாரம் ஓடும் போர்டில் சொட்டினால் அந்த வாய்ப்பு உங்கள் கையில் இல்லை. முழு வழிகாட்டியிலும் இந்த ஒரு படியை மட்டுமாவது யாரும் தாண்டக் கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ வையுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, பவர் சப்ளை ஸ்விட்சை இரண்டு மூன்று நொடி போட்டு அணையுங்கள். மட்டம் சட்டென்று இறங்கும். காலியாவதற்குள் அணைத்து மறுபடியும் நிரப்புங்கள். தண்ணீர் சுற்றி வந்து ரிசர்வாயரில் விழத் தொடங்கும்வரை இதையே செய்ய வேண்டும். ஒருவர் ஸ்விட்சிலும் இன்னொருவர் போத்தலிலும் இருந்தால் வேலை சுலபம்.

பிறகு பம்ப்பை விடாமல் ஓடவிட்டு, கேஸை நான்கு பக்கமும் மெல்லச் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையில் சிக்கிய குமிழிதான் ‘கரகர’ சத்தத்துக்குக் காரணம். ஒரு நாள் முழுக்க இப்படியே ஓடட்டும். மறுநாள் டிஷ்யூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் உலர்ந்திருந்தால்தான் மற்ற கேபிள்களை மாட்ட வேண்டும்.

முதல் தடவை மெஷினைப் போடும்போது ‘சிபியு ஃபேன் இல்லை’ என்று மதர்போர்டு நிற்கலாம். பம்ப்பின் வேகம் சொல்லும் வயரை சிபியு ஃபேன் இணைப்பில் மாட்டுங்கள். பம்ப் நின்றால் மெஷின் எச்சரிக்கவும் அதே இணைப்பு உதவும்.

10. எண்களைப் படிப்பது

ஐந்து நிமிடச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரும் இவ்வளவு செம்பும் சூடேறி நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்துவிட்டு மூன்று எண்களை எழுதுங்கள்: அறை வெப்பநிலை, தண்ணீர் வெப்பநிலை, சிப் வெப்பநிலை.

அறைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் 10 டிகிரியை ஒட்டி இருந்தால் ரேடியேட்டர் வேலை செய்கிறது. 20 என்று போனால் காற்றோட்டத்தில் கோளாறு. ஃபேன் தலைகீழாக மாட்டியிருக்கலாம், தூசு வலை அடைத்திருக்கலாம், ஒரு ரேடியேட்டரின் சூடான காற்றை இன்னொன்று இழுத்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் 60 டிகிரியை நெருங்கவே கூடாது. பல பம்ப்புகளின் வரம்பு அதுதான்.

தண்ணீர் குளிர்ச்சி, சிப் மட்டும் கொதிக்கிறது என்றால், பிளாக்கும் சிப்பும் சேரும் இடத்தில் கோளாறு. “அண்ணே, தண்ணி 34தான் காட்டுது, சிபியு 95 போகுது. இன்னொரு ரேடியேட்டர் வாங்கவா?” என்று ஒரு தம்பி கேட்டார். 34 டிகிரித் தண்ணீருக்கு எத்தனை ரேடியேட்டர் சேர்த்தும் பயனில்லை, வெப்பம் தண்ணீருக்குள்ளேயே வரவில்லை. பிளாக்கைக் கழற்றச் சொன்னேன். அடியில் பாதுகாப்புத் தாள் அப்படியே இருந்தது, அதன் மேல் வெப்பம் கடத்தும் பேஸ்ட் அழகாகப் பரவியிருந்தது. தண்ணீர் சென்சார் இருந்ததால்தான் அந்தச் செலவு தப்பியது.

ரேடியேட்டர் ஃபேன்களின் வேகத்தையும் தண்ணீர் வெப்பநிலையை வைத்தே அமையுங்கள். சிப் வெப்பநிலையை வைத்தால், ஒரு இணையப் பக்கம் திறந்ததுமே ஃபேன்கள் அலறும். தண்ணீர் மெதுவாகத்தான் மாறும், சத்தமும் சீராக இருக்கும்.

11. ஏர்கானும் ஈரக்காற்றும்

சாதாரணச் சுற்றில் தண்ணீர் அறையைவிடச் சூடாகவே இருப்பதால் வெளியே பனித்துளி படியாது. ஆனால் நம் வெளிக்காற்றில் இருக்கும் ஈரம் 24, 25 டிகிரிப் பரப்பிலேயே துளியாக நிற்கக்கூடியது. ஆகவே, தண்ணீரை அறைக்கும் கீழே குளிர்விக்கும் சில்லர்களை இங்கே மாட்ட வேண்டாம். இரவெல்லாம் 20 டிகிரியில் ஏர்கான் ஓடிய அறையின் ஜன்னலைக் காலையில் திறந்தால், உடனே மெஷினைப் போடாதீர்கள். அறையும் உலோகமும் ஒரே சூட்டுக்கு வரட்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சின்னப் படுக்கையறையில் 470 வாட் என்பது கவனிக்க வேண்டிய அளவு. கதவையும் ஜன்னலையும் மூடிவிட்டு ஏர்கான் இல்லாமல் கேம் ஆடினால் அறை சூடாகும், தண்ணீரும் கூடவே ஏறும். ஜன்னலோரம் ஒரு சாதாரண மேசைவிசிறி வைத்து வெப்பக் காற்றை வெளியே தள்ளினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

12. பராமரிப்பு

மாதம் ஒரு தடவை மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். ட்யூப் வழியாகத் தண்ணீர் மிகச் சிறிதளவு ஆவியாகும், அதனால் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. ஒரே வாரத்தில் ஒரு விரல் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். பச்சைப் படலமோ இழையோ தெரிந்தால் பாசி. அப்போது தண்ணீரை மட்டும் மாற்றிப் பயனில்லை, பிளாக்கையும் பிரித்துக் கழுவ வேண்டும்.

சாலையோர அடுக்குமாடி புளோக்குகளில் தூசு அதிகம். ரேடியேட்டர் துடுப்புகளை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட்டை லேபிளில் சொன்ன காலத்துக்குள் மாற்றுங்கள், பெரும்பாலும் ஒரு வருடம். வடித்ததைத் தாழ்வாரத்து வடிகாலிலோ புளோக்குக்குக் கீழே இருக்கும் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். இங்கே மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. போத்தலில் அடைத்து, லேபிளில் சொன்னபடி அப்புறப்படுத்துங்கள். வடித்த தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீலப் பச்சை ஏறியிருந்தால் செம்பு கரைகிறது, அடுத்த தடவை அரிப்புத் தடுப்பானைச் சரியான அளவில் கலந்து ஊற்றுங்கள்.